தேத்தண்ணி நிறத்தில் ஒரு வானம்

என்னை இரண்டு தரம் ஒப்பரேஷன் அறை வாசல் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. முதலில் வலது கண்ணைச் செய்வது என்று முடிவு. கால் மணித்தியால வேலைதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாதி வந்து கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிப்பாள். முதல் தரம் நூற்றெண்பத்தாறு. இரண்டாந் தரம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இந்தப் பிரஷரோடு கண்ணில் கை வைக்க முடியாது என்று டொக்டர் தன்மையாகச் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியாகச் சொன்னார் என்பதற்காகவே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கோபம் எனக்குப் புதிதல்ல. முப்பத்துநான்கு வருஷம் கணிதம் படிப்பித்தவள் நான். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை அட்சரகணிதத்தில் கரையேற்றினேன். பென்ஷன் எடுத்த பிறகு அந்தக் கோபத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை இல்லாதவர்கள் செய்வதை அதுவும் செய்தது. கண்டபடி திரிந்தது.

கண் மங்கத் தொடங்கியதும் முதலில் போனது என் ஸ்கூட்டி. கல்லடியில் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, மதிலை நிழல் என்று நினைத்து மதிலோடு மோதினேன். என் மனுசன் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஸ்கூட்டித் திறப்பை எடுத்துத் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் என் பயணம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாலத்தில் ஒரு காகம் குந்தியிருந்தால் அது எழும்பிப் பறக்கும் வரைக்கும் காத்திருப்பார். சந்தைக்கு, கோயிலுக்கு, மருந்துக்கு, எல்லாவற்றுக்கும் அவர் தேத்தண்ணி குடித்து முடியும் வரை நான் வாசலில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண் தெரிய வேண்டும். என் ஸ்கூட்டியில் ஏறி நான் நினைத்த நேரத்துக்கு நான் நினைத்த இடத்துக்குப் போக வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. கண் தெரியாது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு, மனுசனுக்கு, ஆஸ்பத்திரிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் எதிரே வருபவர் யாரென்று தெரியாமல் நான் பேசாமல் போக, "ரீச்சருக்கு இப்ப பெருமை கூடிப் போச்சு" என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டேன். குருடி என்பதை விடப் பெருமைக்காரி என்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது திகதி தந்தார்கள். இரண்டரை மாதம் இருந்தது. அன்றைக்கும் பிரஷர் கூடியிருந்தால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், பிறகு எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. துண்டை எழுதித் தந்த தாதி என்னிடம் படித்தவளாம். முகம் தெரியவில்லை, குரலும் பிடிபடவில்லை. "ரீச்சர், மருந்து மட்டும் காணா. மனசுக்கு அமைதியா ஏதும் ஒண்டு செய்யுங்களன்" என்றாள்.

அமைதியைத் தேடுவது எங்கள் மாவட்டத்தில் கஷ்டமான காரியம் அல்ல. சண்டைக்கும் கடல் ஊருக்குள் வந்ததுக்கும் பிறகு இங்கே அமைதி வண்டி வண்டியாக வந்து இறங்கியிருக்கிறது. களிமண் பிசைந்து ஆறுதல் அடைந்தோம். மேளம் அடித்து ஆறுதல் அடைந்தோம். வட்டமாக நின்று கையைக் கோத்துக்கொண்டு, பலூனை ஊதி, பலூனை உடைத்து, மூச்சை எண்ணி, எல்லா விதமாகவும் ஆறுதல் அடைந்தோம். ஒவ்வொரு ஆறுதலுக்கும் ஒரு பதாகை, ஒரு குழுப் படம், ஆளுக்கு இரண்டு ரோல்ஸ். அந்த வரிசையில் புதிதாக வந்ததைத்தான் என் மனுசன் மருந்துக் கடைச் சுவரில் கண்டுபிடித்து வந்தார். "வானத்தை வரைவோம், மனதை ஆற்றுவோம். சனிக்கிழமை நாலு மணி."

"இஞ்சாருங்க, எனக்கு விசரா? பள்ளிக்கூடத்தில சித்திரப் பாடத்துக்கே நான் கணக்குச் செய்தவள்."

"வானம்தானே. மேல பாத்து நீலத்தப் பூசிட்டு வா. அதில பிழை விட என்ன இருக்கு?"

பாவம், அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

வகுப்பு கல்லடியில், வாவியைப் பார்த்த ஒரு மண்டபத்தின் விறாந்தையில். இருபது பேர் அளவில் இருந்தோம், எல்லாரும் பெண்கள். நடத்தியவள் கொழும்பில் இருந்து வந்த ஒரு பிள்ளை. முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் இதைப் படித்தாளாம். பட்டுத் துணியால் துடைப்பது போன்ற குரல். எதைச் சொன்னாலும் "மெதுவா" என்ற சொல் அதில் இருக்கும். மெதுவா இருங்க, மெதுவா பாருங்க, மெதுவா தண்ணி குடியுங்க. என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"நான் ரீச்சர்" என்றேன்.

"இங்க ரீச்சரும் இல்ல, ஸ்டூடன்ரும் இல்லம்மா. சரியும் இல்ல, பிழையும் இல்ல."

சரியும் பிழையும் இல்லையாம்! முப்பத்துநான்கு வருஷம் நான் என்ன புளியா கரைத்தேன்? முதல் ஐந்து நிமிஷத்திலேயே நெற்றியில் நரம்பு துடிப்பது தெரிந்தது. ஒப்பரேஷனை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

எனக்குப் பக்கத்தில் வந்து பாய் போட்டவள் காத்தான்குடியில் இருந்து வருகிற ஒரு தையல்காரி. ஐம்பது வயதுக்காரி. நித்திரை வராத வருத்தத்துக்காக கிளினிக்கில் இங்கே அனுப்பியிருந்தார்கள். இத்தனை பேரில் ஏன் என் பக்கத்தைத் தெரிந்தெடுத்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு ஸலாம், ஒரு சிரிப்பு, அதோடு வாயை மூடிக்கொண்டு தூரிகையை எடுத்துவிட்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப் போனது.

நிறங்களை அந்தப் பிள்ளையே கலந்து யோகட் கோப்பைகளில் ஊற்றி வைத்திருந்தாள். கோப்பையில் பெயர் இல்லை, எழுத்து இல்லை. "மூச்சை உள்ள எடுங்க. வானத்தப் பாருங்க. உங்களுக்கு என்ன தெரியுதோ அதக் கீறுங்க" என்றாள். எனக்குத் தெரிந்தது கஞ்சித் தண்ணி. வாவியும் கஞ்சி, வானமும் கஞ்சி, நடுவே பாலம் ஒரு கறுப்புக் கோடு. அதைக் கீறினால் காறித் துப்புவார்கள். வானம் நீலம் என்பது பார்த்துத்தானா தெரிய வேண்டும்? பின்னேர வானம் கொஞ்சம் கடும் நீலம். எனக்கு முன்னால் கடும் நிறத்தில் இரண்டு கோப்பை இருந்தன. இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. பக்கத்துத் தையல்காரி ஒன்றும் பேசாமல் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தாள். எனக்கு வந்தது ஆத்திரம். எனக்குத் தெரியாதா என் கோப்பையை எடுக்க? அதை அவள் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, மற்றதை எடுத்துத் தாள் முழுக்க இழுத்து இழுத்துப் பூசினேன். பூசும்போது உண்மையிலேயே கொஞ்சம் சுகமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அந்தப் பிள்ளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் முன்னால் வந்ததும் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டாள். பிறகு, "அம்மா, இது எந்த வருஷத்து வானம்?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றவர்களும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். பின்னால் யாரோ இன்னொருத்தியிடம் குசுகுசுத்தது காதில் விழுந்தது. "ஏன்கா, வானம் தேத்தண்ணிக் கலரில இருக்கு?"

அப்போதுதான் விளங்கியது. நீலம் என்று நினைத்து எடுத்தது கபிலம். கிழிந்தது போ! நான் அந்த இடத்திலேயே "கோப்பையை மாறி எடுத்திட்டன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் சுற்றி நின்றவர்களில் மூன்று பேராவது என்னிடம் படித்தவர்கள். அவர்களுடைய கொப்பிகளில் நான் சிவப்பு மையால் அதிகமாக எழுதிய சொல் "கவனயீனம்". அவர்களுக்கு முன்னால் நான் நிறம் மாறிப் பூசினேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இது எனக்குள்ள இருக்கிற வானம்" என்றேன்.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தாளைப் பிடித்துக்கொண்டு நான் இருக்கிற படம் அன்று இரவுக்குள் ஊரில் உள்ள கைத்தொலைபேசிகளில் எல்லாம் ஏறிவிட்டது. அடுத்த நாள் சந்தையில் ஒரு குரல் என் தோளைத் தடவி, "ரீச்சர், இவ்வளவு காலமும் எல்லாத்தையும் மனசுக்குள்ள வச்சிருந்தீங்களே" என்றது. கோயிலில் இன்னொரு குரல், "அதுதான் ரீச்சர் அப்பிடி ஏசுறவ. பாவம், உள்ளுக்க அவ்வளவு வேதனை" என்றது. எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்துநான்கு வருஷமாக நான் பாடுபட்டுச் சம்பாதித்த கோபம் அது. பிள்ளைகள் வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்ததால் நேர்மையாக வந்த கோபம். அதை ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வேதனையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே!

எனக்கு வேதனை இல்லையா என்றால், இருக்கிறது. இந்த மாவட்டத்தில் என் வயதில் அது இல்லாமல் யார் இருக்கிறார்கள்? ஆனால் அது சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதில்லை, யோகட் கோப்பைக்குள் இறங்குவதும் இல்லை. அதை நான் அங்கே கீறவில்லை. இங்கே எழுதவும் போவதில்லை.

இரண்டாம் கிழமை போனால், என்னிடம் அந்தக் கபிலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நான் அதைத் தேடி எடுக்க வேண்டும். முன்பு நீலத்தைத் தேடி எடுக்கத் தெரியாத எனக்குக் கபிலத்தை மட்டும் எடுக்கத் தெரியுமா? குத்துமதிப்பாக ஒன்றை எடுத்தேன். அது நீலமாக இருந்திருக்கிறது. "அம்மாட வானத்தில வெளிச்சம் வருது, பாருங்க" என்றாள் அந்தப் பிள்ளை. அடுத்த கிழமை பச்சை வந்தது. அதற்கு, காயம் ஆறத் தொடங்குகிறதாம். அதற்கடுத்த கிழமை மறுபடி கபிலம். "மெதுவா, மெதுவா. ஆறுதல் நேர்கோட்டில போறல்ல" என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டிப் பாடம் நடத்தினாள். பிழை விடவே முடியாத ஒரு பரீட்சையில் நான் மாட்டிக்கொண்டேன். எதைச் செய்தாலும் புள்ளி. அதைப்போல ஒரு அவமானம் எனக்கு வாழ்க்கையில் நடந்ததில்லை.

ஞாயிறு காலையில் மனுசன் தன்னுடைய பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு வருவார். முதல் கிழமை நூற்றெழுபது. பிறகு நூற்றெழுபத்தாறு. பிறகு நூற்றெண்பத்திரண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத உடம்பு அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கள்ளச் சாமானை ஒளித்து வைத்திருப்பவள் மாதிரிப் பாயில் இருந்துவிட்டு வந்தால் வேறு என்ன நடக்கும்?

"அமைதி கூடக் கூட பிரஷரும் கூடுதே. விட்டிருவமா?" என்று மனுசன் கேட்டார்.

"விட ஏலா. கண்காட்சி வருது. என்ட படம்தான் நடுவில."

"எப்ப?"

"ஒப்பரேஷனுக்கு முதல் நாள்."

அவர் மெஷினின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கண் வேணுமா, கண்காட்சி வேணுமா எண்டு யோசி" என்றார். எங்கள் கல்யாணம் முடிந்த நாளில் இருந்து அவர் சொன்ன மிகக் கடுமையான வசனம் அதுதான்.

கண்காட்சிக்கு முந்திய சனிக்கிழமை மழை கொட்டியது. வகுப்பு இல்லை என்று தெரியாமல் என்னை மனுசன் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தையல்காரியும் வந்திருந்தாள். விறாந்தையில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம்.

"ரீச்சர், ஒண்டு சொன்னாக் கோவிப்பீங்களா?"

"கோவிப்பன். சொல்லு."

"உங்களுக்குக் கண் தெரியல்ல, என்ன?"

அவள் தொடர்ந்தாள். "நான் துணி தைக்கிறவள். நூலுக்கும் துணிக்கும் கலர் பொருத்திறதுதான் என்ட வேல. நீங்க படியில ஏறின மாதிரியிலயே எனக்குச் சந்தேகம், கோப்பையைப் பாத்த மாதிரியில முதல் நாளே கண்டுட்டன். நீலத்த உங்கட பக்கம் வச்சுப் பாத்தன். நீங்க திருப்பித் தள்ளிட்டீங்க."

"கண்டா வாயத் திறந்து சொல்ற இல்லையா?"

"சொல்லத்தான் இருந்தன். மறுகா நீங்க, உள்ளுக்க இருக்கிற வானம் எண்டு சொன்னீங்க. ஆக்கள் அழுதாங்க. நான் என்னத்தச் சொல்ற?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மழை கொஞ்சம் குறைந்தது. அவள் வாவியைப் பார்த்துக்கொண்டு, யாரோ வேறொருவருடைய கதையைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "துக்கத்துக்கு அந்தக் கலர் எண்டு இந்தப் புள்ளைக்கு ஆர் சொன்ன எண்டு எனக்குத் தெரியா, ரீச்சர். என்ட மகளக் கடல் கொண்டு போன அண்டு வானம் நல்ல நீலம். ஒரு முகில் இல்ல. அவளுக்கு ஆறு வயசு. நான் அந்த வானத்தத்தான் ஒவ்வொரு கிழமையும் கீறுறன்."

அவளுடைய நீலப் படங்களை அந்தப் பயிற்சிக்காரப் பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல சந்தோசமான வானம்" என்று சொல்லிக் கடந்துபோனதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள், "நீங்க இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போகணும்" என்றுகூடச் சொன்னாள். தன் பிள்ளையைக் கொடுத்தவளின் பக்கத்தில் இருந்துகொண்டு, கோப்பை மாறி எடுத்த நான் வேதனைக்காரி வேஷம் போட்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

கண்காட்சி டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதிகாரி ஒருவர், வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர், நிறையப் பூச்சாடி. என் தேத்தண்ணி வானத்துக்குச் சட்டம் போட்டு நடுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே மூன்று மொழியில் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று மனுசனைக் கேட்டேன். "பேசாத நிலத்தின் வானம்" என்று வாசித்தார். தையல்காரியின் படம் எங்கே என்று கேட்டேன். "கழுவுற இடத்துக்குப் போற வழியில இருக்கு. 'நம்பிக்கை' எண்டு போட்டிருக்கு" என்றார்.

மைக்கை என் கையில் தந்தார்கள். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் நின்று வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு. நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"எனக்குக் கண் தெரியாது. ரெண்டு கண்ணிலயும் வெள்ளை. நீலம் எண்டு நினைச்சு இந்தக் கலர எடுத்திட்டன். சொல்ல வெட்கத்தில பொய் சொன்னன். இந்தப் படத்தில ஒரு கவலையும் இல்ல."

அந்தப் பிள்ளை ஒரு கணம் திகைத்துப்போனாள். பிறகு தன் பட்டுக் குரலை எடுத்து ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பத்துநான்கு வருஷம் கல்விக் கந்தோரின் ஆங்கிலச் சுற்றறிக்கைகளை வாசித்துத் தலையிடி எடுத்தவள் நான். எனக்கு விளங்காதா? "கண்ட கொடுமைகளால் என் கண்கள் இருண்டு போயின. என் கவலைக்கு இனிப் பெயரே இல்லை என்று அம்மா சொல்கிறார்" என்றாள். வெளிநாட்டுக்காரர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்கள். கைதட்டல் எழும்பியது.

முப்பத்துநான்கு வருஷக் கோபம் ஒரேயடியாக எழுந்து வந்தது. "நிப்பாட்டு புள்ள! நான் சொன்னத அப்பிடியே சொல்லு! கொடுமையும் இல்ல, இருட்டும் இல்ல. கற்றரக்ட்! கற்றரக்ட் எண்டு சொல்லு! விடை தெரியாட்டி இடத்த வெறுமையா விடு, உன்ட பாட்டுக்கு ஒண்டை எழுதி நிரப்பாத! உனக்குக் கணக்குப் படிப்பிச்சது ஆரு?" மைக் கீச்சிட்டது. என் குரல் வாவிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். அந்த மூலையில் தொங்குகிற நீலத்தைப் போய்ப் பாருங்கள், உண்மையான வேதனை அங்கே இருக்கிறது என்று சொல்லவும் வாய் உன்னியது. அது என்னுடைய கதை இல்லை. நல்ல காலம், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெளிநாட்டுக்காரரில் ஒரு வயதான மனுசிக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்து, தனக்கும் இரண்டு கண்ணிலும் இருந்ததாம், செய்த பிறகு வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்ததாம் என்றாள். மண்டபத்திலேயே புத்தியுள்ள கதை அதுதான். அந்தப் பயிற்சிக்காரப் பிள்ளை ஒரு தூணோடு நின்று அழுதாள். இந்தத் தரம் அது மெதுவான அழுகை இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவளும் மேலே ஒருவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவள்தானே. ஆனால் அன்றைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் மனுசன், "நாளைக்கு எப்பிடியும் இருநூறு" என்றார். நான் செய்த வேலைக்குக் கண் போனால் போகட்டும் என்று நினைத்தேன். உடனேயே, ஐயோ, போகக்கூடாது என்றும் நினைத்தேன். என் ஸ்கூட்டி, என் சந்தை, என் பேப்பர் எல்லாம் அந்த ஒரு இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

காலையில் தாதி பட்டியைச் சுற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று இறங்கியது. அவள் இன்னொரு தரம் அடித்தாள்.

"நூற்றுமுப்பத்தெட்டு, ரீச்சர்! பாத்தீங்களா, படம் கீறினது வேல செய்திருக்கு!"

என் வாழ்நாளில் ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான். "ஓம் மகள்" என்றேன். திரைக்குப் பின்னால் மனுசன் இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒப்பரேஷன் முடிந்து அடுத்த நாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது மனுசனின் சேட்டு. சாம்பல் நிறம் என்று நான் இரண்டு வருஷமாகத் தோய்த்துப் போட்ட சேட்டு நல்ல நீலம். ஜன்னலுக்கு வெளியே வானம் அதைவிட நீலம். இவ்வளவு நீலத்தையும் யார் என்னிடம் இருந்து மறைத்து வைத்திருந்தார்கள்? நான் அழுதேன். "கண்ணில தண்ணி படக்கூடாதாம்" என்றார் அவர். அவருடைய கண்ணிலும் தண்ணி நின்றதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு டொக்டர், கிட்ட இருப்பதைப் பார்க்கவும் வாசிக்கவும் ஒரு கண்ணாடி தந்தார். மெதுவாக ஓட்டலாம் என்றும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை என் ஸ்கூட்டியில், மனுசனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பாலத்தில் காகங்கள் தாமாகவே விலகின. பயிற்சிக்காரப் பிள்ளை என்னைக் கண்டதும் கொஞ்சம் பயந்தாள். பிறகு கிட்ட வந்து, "வாங்க ரீச்சர்" என்றாள். கோப்பைகளில் தடித்த எழுத்தில் நீலம், கபிலம், பச்சை என்று எழுதி ஒட்டியிருந்தாள். "ஏசினதுக்கு மனசில வச்சிராத மகள்" என்றேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

தையல்காரி வழக்கமான இடத்தில் பாய் போட்டு, வழக்கமான நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து, தூரிகையை எடுக்கக் குனிந்தேன். புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது. முதல் தரமாக அவளுடைய படத்தைக் கண்டேன். வானத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மணல். மணலில் சொட்டு விழுந்தது போல இரண்டு சிவப்புப் புள்ளி. சொட்டு இல்லை, ஒரு சோடிக் குட்டிச் செருப்பு. ஒன்று நேராக இருந்தது, மற்றது கவிழ்ந்து கிடந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். உடனே கையை விரித்து அந்த இடத்தைப் பொத்தினாள்.

"இப்ப எல்லாம் தெரியுதா, ரீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "பாக்கிறவங்க எல்லாரும் ஏதாவது சொல்லுவாங்க. இல்லாட்டி என்னப் பாத்து அழுவாங்க. நீங்க மட்டுந்தான் பாக்கல்ல. அதுக்குத்தான் நான் உங்களுக்குப் பக்கத்தில பாய் போட்டது."

சுற்றி எல்லாரும் மூச்சை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டுக்குள் வைத்து மூடினேன்.

"தூரந்தான் தெரியுது புள்ள" என்றேன். "கிட்ட இன்னும் ஒண்டும் தெரியல்ல."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மிச்ச வானத்தைப் பூசத் தொடங்கினாள்.